பானெட் மேல் கம்பளி

மன்னவனூரிலிருந்து கொடைக்கானல் போகும் பஸ்ஸில், எனக்கு முன் இருக்கையில் ஒரு பெண் கணவரிடம் கேட்டார்.

“ராத்திரி கம்பளிய எங்கங்க வச்சீங்க?”

“காரு பானெட் மேல போர்த்திருந்தேன். இந்தப் பனிக்கு வெள்ளனே ஸ்டார்ட் ஆகாதுல்ல. பழைய வண்டி, ஆயில் வேற ஒழுகுது.”

“அதுக்குத்தான் என் சோத்துச் சட்டிய அடியில வச்சிருக்கீங்களே.”

“காலையில இஞ்சின் சத்தத்தக் கேட்டதுமே கோளாறு வால்வுலதான்னு கண்டுபிடிச்சிட்டேன்.”

அந்தப் பெண் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நெடுநேரம் இருமினார்.

“இது என்ன சத்தம்ங்க?”

“பனிதான். தன்னால போயிரும்.”

“நான் ஆஸ்பத்திரி ஸ்டாப்புல எறங்கிக்கிறேன். நீங்க போயி வால்வு வாங்குங்க.”

“வெரசா வந்துரு. பனி எறங்குறதுக்குள்ள வண்டிய மூடணும்.”