பள்ளிக்கூடக் கணினியில் திறக்காத ஊர்

இலங்கையில் போர் முடிந்துவிட்டதென்று வானொலியில் சொன்ன வாரம். கனடாவில், ஸ்காபரோ பஸ்ஸில் என் முன் சீற்றில் இரண்டு பெண்கள் இருந்தார்கள்.

“எங்கட ஊர் சின்னப் பிள்ளையள் பார்க்கக் கூடாததாம், அக்கா,” என்றார் இளையவர்.

“ஆர் சொன்னது?”

“மகளின்ர பள்ளிக்கூடக் கொம்பியூட்டர். மூண்டாம் வகுப்புக்கு, அம்மா பிறந்த இடத்தைப் பற்றி எழுத வேணும். முல்லைத்தீவு எண்டு அடிச்சா, வன்முறை எண்டு மறிக்குதாம்.”

“ரீச்சரிட்டச் சொல்லன்.”

“சொன்னனான். பூட்டினது ரீச்சர் இல்லையாம், மேலிடமாம். வேற ஊர் எழுதட்டாம். நான் வேற ஊரில போய்ப் பிறக்கிறதே?”

“வீட்டுக் கொம்பியூட்டரில பாக்கலாம்தானே?”

“அதை நான்தான் கழட்டி வைச்சிருக்கிறன். அங்க நடந்த சண்டைப் படங்களைப் பாத்திடுவாளெண்டு.”

“அப்ப வாயால சொல்லன். எப்ப குடுக்க வேணும்?”

“நாளைக்கு. சொல்லத் தொடங்கினா எதில நிப்பாட்டுறது, அக்கா?”

இளையவர் இறங்குவதற்காக மணிக் கயிற்றை இழுத்தார்.