பின்பாதி அவுக பங்கு

கீழக்கரையிலிருந்து ராமநாதபுரம் போகும் பேருந்தில் எனக்கு முன் இருக்கையில் இரண்டு பெண்கள். இளையவள்தான் ஆரம்பித்தாள்.

"வீட்டுல பாக்குற மாதிரி சிரிப்பான காதல் படம் ஒண்ணு சொல்லுங்க ராத்தா. முன்பாதி நல்லாருந்தாப் போதும்."

"அப்ப பின்பாதிய யாரு பாக்குறது?"

"அது எங்க மாப்புள பங்கு. துபாய்ல வேல முடிஞ்சு ரூமுக்கு வந்தா கண்ணு சொக்கிருது, முழுப்படம் பாக்க முடியல. அதான் ஆளுக்குப் பாதி. படத்துல ரெண்டு பேரும் எப்படிச் சந்திச்சாகன்னு போன்ல நான் சொல்லுவேன். எப்படிச் சேந்தாகன்னு அவுக சொல்லுவாக."

மூத்தவள் சிரித்தாள். "ஒழுங்காச் சொல்றாரா?"

"எந்தப் படமா இருந்தாலும், அவுக சொன்னா மதுர ஏர்போர்ட்டுலதான் முடியுது. பொண்ணு வாசல்ல நிப்பாளாம், அவன் பெட்டியத் தள்ளிக்கிட்டு வருவானாம்."

"போன வாரம் கொரியாப் படமுல்ல பாத்தே?"

"அதுவும் அங்கனதான் முடிஞ்சுச்சு."

"ஏம்மா, கொரியாக்காரன் மதுரைக்கு எதுக்கு வாரான்? பின்பாதியப் போட்டுப் பாக்க வேண்டியதுதானே?"

பேருந்து ஒரு நிறுத்தத்தில் நின்று கிளம்பியது.

"வேணாம் ராத்தா. அவுக வார வரைக்கும் எல்லாப் படமும் அங்கனயே முடியட்டும்."