குழி காலியாக இருக்கிறதா என்பது குறித்து

என் பெயர், தகப்பனார் பெயர், விலாசம் ஆகியவை முதல் தாளில் எழுதப்பட்டுள்ளன, அவை சரியே. வயது நாற்பத்தொன்று. பங்கு வாங்குகிறவர்களுக்காகக் கம்பெனிகளின் கணக்கைப் படித்து அறிக்கை எழுதும் நிறுவனம் ஒன்றில் நிதி ஆய்வாளராக வேலை பார்க்கிறேன். என்னை விசாரிப்பவரும் ஆய்வாளர் என்பதால், யார் யாரை விசாரித்தது என்று பின்னால் படிப்பவர்களுக்குக் குழப்பம் வராதிருக்க, அவரை இன்ஸ்பெக்டர் என்றே எழுதும்படி கேட்டுக்கொண்டேன். அவரும் சம்மதித்தார்.

என் மீது புகார் கொடுத்திருப்பது, நகரத்துக் குப்பையை அள்ளி, பிரித்து, மறுசுழற்சி செய்து விற்கிற பெரிய கம்பெனி. நான் பொய் அறிக்கை எழுதி அவர்களுடைய பங்கு விலையைச் சரித்தேன் என்பதும், அதற்காகக் கம்பெனி ரகசியங்களை என் அக்கா கணவர் எனக்குத் திருடிக் கொடுத்தார் என்பதும் புகார். அத்தான் அங்கே லாரிகளை எடைபோடும் இடத்தில் மேற்பார்வையாளர். ஓய்வுபெறச் சில மாதங்களே இருக்கும்போது அவரைத் தற்காலிகப் பணிநீக்கம் செய்திருக்கிறார்கள். குற்றம் உறுதியானால் பணிக்கொடை கைக்கு வராது. நான் இன்று காலை வக்கீல் இல்லாமல் காவல் நிலையத்துக்கு வந்தது அவரை இதிலிருந்து மீட்பதற்காகத்தான்.

அத்தான் என்னிடம் ரகசியம் சொன்னார் என்பதைக் கேட்டு அக்காவே சிரித்துவிட்டாள். சோற்றில் கல் கிடந்தாலும் ஓரமாக எடுத்து வைத்துவிட்டுப் பேசாமல் எழுந்து போகிற மனிதர் அவர். அவர் வாயிலிருந்து வார்த்தையை வரவழைக்க எனக்குத் தெரிந்திருந்தால் அக்கா என்னைத் தன் வீட்டோடு வைத்துக்கொண்டிருப்பாள்.

நான் படித்தது கம்பெனி தானே அச்சடித்து வெளியிட்ட ஆண்டறிக்கையை. மற்ற தொழில்களில் கிடங்கு நிறைந்திருந்தால் சொத்து. இந்தத் தொழிலில் குப்பை கொட்டும் குழி காலியாக இருந்தால்தான் சொத்து. குழி நிறைய நிறைய அதன் மதிப்பைக் கணக்கில் குறைத்துக்கொண்டே வர வேண்டும், குறைத்தால் லாபமும் குறையும். இந்தக் கம்பெனியோ, பெரும்பகுதிக் குப்பையை மறுசுழற்சி செய்துவிடுவதால் குழியில் பாதிக்கு மேல் காலி என்று எழுதியிருந்தது. ஆனால் அதே அறிக்கையில், குழிக்குள் குப்பையை நிரவி அமுக்குகிற புல்டோசர்களின் டீசல் செலவு வருஷா வருஷம் ஏறிக்கொண்டே போனது. குப்பையே வராத குழியில் புல்டோசர் யாரைத் தேடிக்கொண்டு ஓடுகிறது என்று கம்பெனிக்குக் கடிதம் எழுதினேன். பதில் வரவில்லை.

அதன் பிறகு ஒருநாள் அக்கா போனில் பேசும்போது, மாடியில் போட்ட துணி காய்வதே இல்லை என்று அலுத்துக்கொண்டாள். ஏன் என்று கேட்டதற்கு, "சாயங்கால வெயிலே வர்றதில்லடி, எல்லாம் உங்க அத்தான் ஆபீஸ் நிழல்தான்" என்றாள். அவள் வீடு அந்தக் குழியின் மதிலுக்கு எதிர்த் தெருவில் இருக்கிறது. அன்றைக்கே போய் மாடியில் ஏறினேன். மதிலுக்கு மேலே, என் தலைக்கும் மேலே, ஒரு புல்டோசர் நிதானமாகப் போய்க்கொண்டிருந்தது. குழிக்குள் இருக்க வேண்டிய வண்டியை அண்ணாந்து பார்த்தேன். துணிகளை ஒதுக்கிவிட்டுப் படம் எடுத்தேன். மதிலைத் தாண்டவில்லை, யாரிடமும் எதையும் கேட்கவில்லை. அதன் பிறகு, குழி நிறைந்துவிட்டது, இந்த லாபம் லாபமே இல்லை என்று அறிக்கை எழுதி என் பெயரோடு வெளியிட்டேன். பங்கு விலை சரிந்தது. அதை மறுக்கவில்லை.

இன்று பகலில் கம்பெனியின் நிதித் தலைவரும் வக்கீலும் இங்கே வந்தார்கள். இன்ஸ்பெக்டரின் அனுமதியோடு அவர்களிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டேன். நான் எழுதியது பொய் என்றால் அத்தான் எந்த ரகசியத்தையும் கொடுக்கவில்லை. ரகசியம் வெளியே போனது உண்மை என்றால் நான் எழுதியது பொய் இல்லை. இரண்டில் எது உங்கள் புகார் என்றேன். வக்கீல் வாய் திறப்பதற்குள் நிதித் தலைவர், "பொய்தாங்க, முழுப் பொய்" என்றார். அப்படியே எழுதிக் கொடுங்கள் என்று இன்ஸ்பெக்டர் தாளை நகர்த்தினார். அத்தான் எதையும் கொடுக்கவில்லை என்றும், என் அறிக்கை முழுப் பொய் என்றும் அவர் எழுதிக் கையெழுத்திட்டார். வக்கீல் நெற்றியைப் பிடித்துக்கொண்டார்.

அதன் பிறகு இன்ஸ்பெக்டர் காலையிலிருந்து விசாரணைக்காக வெளி பெஞ்சில் உட்காரவைத்திருந்த அத்தானை அழைத்து, வீட்டுக்குப் போகலாம் என்றார். அக்கா வாசலிலேயே நின்று அழுதாள். வந்த காரியம் முடிந்தது என்று அப்போதே எழுந்து போயிருக்கலாம்.

போகவில்லை. என் அறிக்கை பொய் என்றால் குழி காலியாக இருக்க வேண்டும், சர்வேயரை வைத்து அளந்து காட்டச் சொல்லுங்கள் என்று இன்ஸ்பெக்டரிடம் சொன்னேன். நிதித் தலைவரும் வக்கீலும் வெளியே போய் நெடுநேரம் போனில் பேசிவிட்டு வந்தார்கள். வக்கீல், "புகாரை வாபஸ் வாங்கிக்கிறோம்மா, நீங்களும் ஒரு கையெழுத்துப் போட்டா சமாதானமாப் போயிடலாம்" என்றார். "போடமாட்டேன் சார். என்னைப் பொய்க்காரின்னு எழுதிக் குடுத்திருக்கீங்க, அளந்து நிரூபிச்சுட்டுப் போங்க" என்றேன். நிதித் தலைவர் குடிக்கத் தண்ணீர் கேட்டார். அந்த நிமிஷம் எனக்கு இருந்த சந்தோஷத்தை மறைக்க விரும்பவில்லை. அதையும் எழுதிக்கொள்ளச் சொன்னேன்.

இதை எனக்குப் படித்துக் காட்டியபோது, 'இரு தரப்பாரும் சமாதானமாகப் போக விரும்புகிறார்கள்' என்ற வரி பழக்கத்தில் சேர்ந்திருந்தது. அதை அடிக்கச் சொன்னேன். அடித்த இடத்தில் 'குழியை அளக்க வேண்டும்' என்று எழுதப்பட்டுள்ளது. மற்றபடி இதில் உள்ளதெல்லாம் நான் சொன்னதே, நடந்ததே. அடித்த இடத்திலும் கடைசியிலும் கையெழுத்திட்டிருக்கிறேன்.

(ஒப்பம்)