டீச்சரை விலக்கி வைத்த விதம்

மருந்துக்கடை வைத்திருப்பவனுக்கு வயதாகும்போது முதலில் கெடுவது கண் இல்லை, கால். இருபத்தாறு வருடம் கவுண்டருக்குப் பின்னால் நின்றே கழித்தவன் நான். ஸ்டேஷனில் நாற்காலி போட்டதற்கு நன்றி ஐயா. கேட்டதற்கெல்லாம் பதில் சொல்கிறேன்.

எங்கள் கிறிஸ்தவ சபையில் நான் மூப்பர். பதினோரு வருடமாக ஒழுங்கு நடவடிக்கை என் பொறுப்பு. வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு அது பழிவாங்கல் மாதிரி தெரியும். அப்படியில்லை. தவறு செய்தவரிடம் முதலில் தனியாகப் போய்ப் பேச வேண்டும். கேட்காவிட்டால் இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு போக வேண்டும். அதற்கும் மசியாவிட்டால் சபை கூடி, அவரைத் திருவிருந்திலிருந்து விலக்கி வைக்கும். எல்லோர் முன்னாலும் எழுந்து தவற்றை ஒப்புக்கொள்ளும்வரை யாரும் அவரோடு பேசக்கூடாது, கொடுக்கல் வாங்கல் கூடாது. குடித்துவிட்டு ஆராதனைக்கு வந்த எலெக்ட்ரீஷியன் ஒருவர் ஆறே வாரத்தில் அழுதுகொண்டு திரும்பினார். இப்போது வாசலில் நின்று எல்லோருக்கும் பாட்டுப் புத்தகம் கொடுப்பது அவர்தான்.

டீச்சர் வேறு ரகம். பள்ளியில் கணக்கு எடுப்பார், ஞாயிறு ஆராதனையில் கீபோர்டு வாசிப்பார். தனி ஆள். நெஞ்சழுத்தம் அதிகம். என் மனைவி ஒரு சனிக்கிழமை காலையில் மாற்றுத் துணிகூட எடுக்காமல் அவர் வீட்டுக்குப் போய்விட்டாள். அவளுக்குக் கை முறிந்திருந்தது உண்மை. நான் மறுக்கவில்லை. குடும்பம் என்றால் நாலும் இருக்கும்.

முறைப்படி முதலில் தனியாகத்தான் போனேன். டீச்சர் கதவைப் பாதிதான் திறந்தார்.

"உங்க வீட்டுக்காரம்மா தூங்கறாங்க பிரதர். ரெண்டு வருஷத்துல இப்பதான் பயமில்லாம தூங்கறேன்னாங்க. எழுப்ப மாட்டேன்."

அடுத்த முறை போதகரையும் எங்கள் சபையைச் சேர்ந்த தச்சர் ஒருவரையும் கூட்டிப் போனேன். "முதல்ல எலும்பு கூடட்டும். அப்புறம் போறதா இருக்கறதான்னு அவங்க சொல்லட்டும்" என்றார் டீச்சர். சபைக் கூட்டத்தில், குடும்பத்தைப் பிரித்தார் என்று குற்றத்தை நானே வாசித்தேன். எல்லோரும் கை தூக்கினார்கள். தச்சர் மட்டும் சற்றுத் தாமதமாகத் தூக்கினார். டீச்சர் கீபோர்டுக்கு உறை போட்டு மூடிவிட்டு, யாரையும் பார்க்காமல் வெளியே போனார்.

மூன்று வாரம் கழித்து, ஒரு செவ்வாய்க்கிழமை காலை பதினோரு மணி இருக்கும். அவருக்கு ஆஸ்துமா உண்டு. மாதாமாதம் இன்ஹேலர் வாங்குவது என்னிடம்தான். விலக்கி வைத்ததிலிருந்து கடைப் பக்கம் வரவில்லை. அன்று பள்ளியிலிருந்து பாதியில் கிளம்பியவர், அடுத்த மருந்துக்கடைவரை நடக்க முடியாமல் என் கடைப் படியில் உட்கார்ந்துவிட்டார். காலியான இன்ஹேலரைத் தூக்கிக் காட்டினார். பேச வரவில்லை. மூச்சு விசில் மாதிரி கேட்டது.

தச்சர் மாத்திரை வாங்க வந்திருந்தார். "குடுத்துடலாமே பிரதர்" என்றார்.

"நாம எல்லாரும் சேர்ந்துதானே கை தூக்கினோம்" என்றேன்.

அவர் குனிந்த தலை நிமிராமல் மாத்திரையை எடுத்துக்கொண்டு போனார்.

இன்ஹேலர் என் முதுகுக்குப் பின்னால், இரண்டாவது தட்டில் இருந்தது. அதை எடுத்துக் கவுண்டரில் வைத்துவிட்டு என் மனைவிக்கு போன் செய்தேன். விலக்கி வைக்கப்பட்டவரிடம் பேசத்தான் தடை. மனைவியிடம் பேசத் தடையில்லை.

"உன் டீச்சர் கடை வாசல்ல மூச்சு விட முடியாம உக்காந்திருக்காங்க."

"மருந்து குடுங்க. உங்க கால்ல விழறேன்."

"கால்லெல்லாம் விழ வேண்டாம். நீ நம்ம வீட்டுக்குப் போ. வீட்டு போன்லேருந்து கூப்பிடு. குடுத்துடறேன்."

டீச்சருக்கு இது கேட்டது. வேண்டாம் என்று தலையை ஆட்டினார். என்னிடம் சொன்னாரா, போனில் இருந்தவளிடம் சொன்னாரா, தெரியவில்லை. என்னைப் பார்த்து ஒருமுறைகூடக் கெஞ்சவில்லை. அவ்வளவு அழுத்தம்.

முறிந்த கையோடு என் மனைவி ஓடியிருக்கிறாள். பன்னிரண்டு நிமிடம் ஆனது. அதற்குள் நான் கண்ணாடிப் பெட்டியைத் துடைத்து முடித்தேன். டீச்சரின் உதடு நீலம் பாய்ந்திருந்தது. போன் அடித்தது. எண்ணைப் பார்த்தேன், எங்கள் வீட்டு எண்தான். உடனே மூடியைத் திறந்து இன்ஹேலரை அவர் கையில் வைத்தேன். சொன்ன வார்த்தை தவறவில்லை. விரல்கள் அதைப் பிடிக்கவில்லை. ஆம்புலன்ஸைக் கூப்பிட்டதும் நான்தான்.

முதலிலேயே கொடுத்திருந்தால் பிழைத்திருப்பாரா என்று கேட்கிறீர்கள். பிழைத்திருப்பார். எனக்கு அது அப்போதே தெரியும். இத்தனை வருடம் மருந்து விற்கிறவனுக்கு இதுகூடத் தெரியாதா? ஆனால் கோபத்தில் செய்தேன் என்று மட்டும் எழுதாதீர்கள். என் குரல்கூட உயரவில்லை.

என் மனைவி எட்டு நாள் வீட்டில் இருந்தாள். ஒற்றைக் கையால் சமைத்தாள், பெருக்கினாள். ஒன்பதாம் நாள் கறிகாய் வாங்கப் போகிறாள் என்று நினைத்தேன். உங்களிடம் வந்து எழுதிக் கொடுத்திருக்கிறாள். எழுதட்டும். அவள் சொல்லாமல் விட்டதை நீங்கள் சேர்த்துக்கொள்ளுங்கள். அந்த எட்டு நாளும் நான் அவள்மேல் கை நீட்டவில்லை ஐயா. நீட்ட வேண்டிய அவசியமே வரவில்லை.