பஸ் பின்னாடி வந்த ஒஹாயோ கார்

போலீஸெல்லாம் எதுக்கு டிரைவர் தம்பி, கூப்பிடாதீங்க. ஆமா, நான்தான். ஹாலிஃபாக்ஸ்லேருந்து உங்க பஸ் பின்னாடியே வர்ற நீலக் கார் என்னோடதுதான். அமெரிக்கா, ஒஹாயோ நம்பர் பிளேட், ஒத்துக்கறேன். மறைஞ்சு வரலாம்னா இந்த ரோட்ல எங்க மறையறது, ஒரு பக்கம் மலை, ஒரு பக்கம் கடல். நீங்க கண்ணாடியில பாத்துக்கிட்டேதான் வந்தீங்க, எனக்குத் தெரியும். நேத்து நான் கைகூடக் காட்டினேன், நீங்க காட்டல.

திருடனா? என்னப் பாத்தாலா? எழுபது தாண்டியாச்சு, முட்டி ரெண்டும் மாத்தி வெச்சது. டெல்மர்னு பேரு. ஊர்ல வீடு வீடாப் போய் ஹீட்டர் ரிப்பேர் பாத்துக்கிட்டிருந்தவன். நில்லுங்க, கொஞ்சம் பேசிட்டுப் போங்க. உங்க டூர் ஆளுங்க கடைக்குள்ள காபி குடிச்சு முடிக்க இன்னும் நேரமாகும். அந்தக் கைடு பொண்ணு மஞ்சக் கொடியத் தூக்கற வரைக்கும் ஒருத்தரும் அசைய மாட்டாங்க.

விஷயம் இதுதான். உங்க பஸ்ல பச்சை மழைக்கோட்டு போட்ட அம்மா ஒருத்தங்க இருக்காங்கல்ல, நேத்து நாலாவது வரிசை, இன்னிக்கு ஆறாவது வரிசை. அதென்ன தம்பி, பள்ளிக்கூடம் மாதிரி தெனமும் சீட்ட மாத்தி மாத்தி உக்கார வெக்கறீங்க? ஓ, முன் சீட்டு எல்லாருக்கும் கிடைக்கணும்னா. சரி, நியாயம்தான். அந்தப் பச்சைக்கோட்டுதான் லொரெட்டா. என் சம்சாரம்.

அட, அப்படியெல்லாம் நினைச்சுடாதீங்க. புருஷன் கொடுமை தாங்காம ஓடி வந்தவ இல்ல அவ. எங்களுக்குள்ள சண்டைன்னு வந்தா ஒண்ணே ஒண்ணுதான். வெளிநாடு போனா கூட்டத்தோட போறதா, நம்ம பாட்டுக்குப் போறதா. எங்க ஊர் பேங்க்ல கணக்கு வெச்சிருக்கிற பெருசுங்களுக்குன்னே வருஷா வருஷம் டூர் போடுவாங்க. கழுத்துல பேர் அட்டை, பெட்டியில ஆரஞ்சு ரிப்பன். விடியறதுக்குள்ள பெட்டிய ரூம் வாசல்ல வெச்சுடணும். மூத்திரம் போறதுக்குக்கூட அவங்க சொல்ற நேரம்தான். ஆட்டுக்குட்டி எண்ணற மாதிரி எண்ணி ஏத்தற பஸ்ல நான் ஏற மாட்டேன்னுட்டேன்.

நாங்க எங்க போனாலும் தனியாத்தான் தம்பி. ஸ்காட்லாந்து, மெக்சிகோ, போர்ச்சுகல். தனியான்னா நாங்க ரெண்டு பேர். கைடு கிடையாது, கொடி கிடையாது. போர்ச்சுகல்ல ஒரு சாயங்காலம், கொட்டற மழை, பேர் தெரியாத ஏதோ ஒரு கிராமம். சும்மா கார நிறுத்தறேன். எதுத்தாப்புல ஒரு வீடு, கதவத் திறந்து ஒரு அம்மா வாங்க வாங்கங்கறாங்க. சுடச்சுட மீன் சூப்பு. மாடியில படுக்கை தயாரா இருக்கு. பஸ்ல வர்றவனுக்கு இந்த அதிர்ஷ்டம் அடிக்குமா சொல்லுங்க.

இந்தக் கதைய நான் எங்க சர்ச்சுல சொல்லாத வருஷமே கிடையாது. ஈஸ்டருக்கு முன்னாடி வெள்ளிக்கிழமைதோறும் அங்க மீன் வறுத்துப் போடுவாங்க, ஊரே வரும். நான் சொல்லச் சொல்ல லொரெட்டா தட்டையே பாத்துக்கிட்டிருப்பா. இந்த வருஷமும் சொன்னேன். பட்டுன்னு முள்கரண்டியக் கீழ வெச்சா. திங்கக்கிழமை பேங்க்குக்குப் போய் இந்த டூருக்குப் பேர் குடுத்துட்டு வந்துட்டா, அவ மட்டும். நீ உன் பாட்டுக்குப் போ, நான் என் பாட்டுக்குப் போறேன்னா.

சரி, ஏதோ கோவம்னு விட்டேன். போன மாசம் பாத்தா, அடுத்து அயர்லாந்து போறாங்களாம், அதுக்கும் ஒரு ஆளுக்குத்தான் பேர் குடுத்திருக்கா. அதுதான் எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. நான் இல்லாமலே ஊர் சுத்தப் பழகிட்டாள்னா அப்புறம் நான் யார் கூடப் போவேன்? எனக்கு வேற யாரு இருக்கா.

அதான், தனியாப் போறது எவ்வளவு சுகம்னு அவளுக்குக் காட்டிடலாம்னு கார எடுத்துக்கிட்டுக் கிளம்பிட்டேன். எல்லையத் தாண்டினதும் பலகையில நூறுன்னு போட்டிருந்துச்சு. கனடாக்காரங்களுக்கு என்ன தாராள மனசுன்னு நானும் நூறுல விட்டேன். போலீஸ்காரப் பொண்ணு ஜன்னல்கிட்ட குனிஞ்சு, ஐயா, அது கிலோமீட்டர், உங்க கார் காட்டறது மைலுங்குது. சிரிங்க சிரிங்க, நல்லாச் சிரிங்க. அப்புறம் ரூம் கேட்டா எங்கயும் இல்ல. குளிருக்கு முன்னாடி மரத்து இலையெல்லாம் சிவக்கறதப் பாக்க உலகமே இங்க வருமாம், ஆறு மாசம் முன்னாடியே சொல்லி வெக்கணுமாம். எனக்கு யாரு சொன்னா? கார்லயே தூங்கறேன். பெட்ரோல் பங்க்ல கிடைக்கறதத் திங்கறேன். போன்ல வழி பாக்கலாம்னா மலைக்குள்ள சிக்னல் செத்துப் போயிடுது. உங்க பின் விளக்கு மட்டும் இல்லன்னா இந்நேரம் கடல்ல கிடப்பேன். வெக்கத்த விட்டுச் சொல்றேன், உங்க டூர் முழுசும் நான் பாத்துட்டேன் தம்பி. அந்தப் பொண்ணு மைக்ல சொல்ற கதை மட்டும்தான் காதுல விழல.

நேத்து கலங்கரை விளக்கத்துகிட்ட நிறுத்தினீங்கல்ல, அங்க பாத்தேன் அவள. பாறை மேல உக்காந்து, சின்னப் பொண்ணு மாதிரி காலை ஆட்டிக்கிட்டு சும்மா கடலப் பாக்கறா. கையில மேப் இல்ல. கடிகாரத்தப் பாக்கல. பக்கத்துல யாரோ என்னவோ சொல்ல, அப்படி ஒரு சிரிப்பு. என்கூட வந்தப்பல்லாம் நான்தான் கடலப் பாத்தேன், அவ குனிஞ்சு அடுத்த ரோட்டத் தேடிக்கிட்டிருந்தா. கார்ல உக்காந்து அழுதுட்டேன்னா நம்புவீங்களா.

அவ வீட்டுலேருந்து கிளம்பறப்ப ஒண்ணு சொன்னா, அப்ப என் மண்டையில ஏறல. அந்த மீன் சூப்பு அம்மா இருக்காங்களே, அவங்களுக்கு எப்பவோ கடுதாசி எழுதி, பணம் கட்டி, ராத்திரி சாப்பாடு வரைக்கும் பேசி வெச்சதே இவதானாம். மழையில இங்க நிறுத்துன்னு சொன்னதும் இவதானாம். நான் பிரேக்க மிதிச்சேன், அவ்வளவுதான். நீ இத்தனை வருஷமும் கைடு வெச்சுக்கிட்டுத்தான் போயிருக்க டெல்மர், அந்தக் கைடுக்கு இப்ப லீவு வேணும்னா.

அதனால கேக்கறேன், அவ பக்கத்து சீட்டு காலியாத்தானே இருக்கு? எனக்குப் பேர் அட்டை மாட்டினாலும் சரி, எண்ணினாலும் சரி. ஜன்னலோரம் அவளே உக்காரட்டும்.

எதுக்குச் சிரிக்கறீங்க? இது என்ன பொட்டலம்? சாண்ட்விச்சா. வான்கோழிக் கறி. வெங்காயத்த எல்லாம் எடுத்துட்டு... எனக்கு வெங்காயம் ஒத்துக்காதுன்னு உங்களுக்கு யாரு சொன்னா?

மொத நாளே லொரெட்டா என் காரப் பாத்துட்டாளா. அப்ப வந்ததும் போலீஸ்னு மிரட்டினீங்களே. ஓ, அதுவும் அவ சொல்லிக் குடுத்ததுதானா. நல்லா இருக்கு தம்பி, ரொம்ப நல்லா இருக்கு.

வேற என்ன சொன்னா? ம். இன்னிக்கு ராத்திரி டூர்ல சாப்பாடு கிடையாது, அவங்கவங்க பாத்துக்கணும். சரி. ஏழு மணிக்கு ஹோட்டல் வாசல்ல நிப்பா. சரி. எங்க போறது, என்ன சாப்பிடறது, மேசைக்குச் சொல்லி வெக்கறது, எல்லாம் என் பொறுப்பு. அவ வாயே திறக்க மாட்டா, வந்து உக்காருவா. அயர்லாந்து பத்தி அதுக்கப்புறம் பேசலாம்னாளா?

சரி, நீங்க இந்தப் பக்கத்து ஆளு, உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும். இங்க லாப்ஸ்டர் எந்தக் கடையில... வேணாம் தம்பி, சொல்லாதீங்க. நானே தேடிக்கறேன்.