மூன்றாவது தள்ளு

ஸ்பார்க் பிளக் மாற்றிய பிறகு வண்டி கிளம்பவில்லை என்றால் பிளக்கைச் சந்தேகிக்கக் கூடாது, மாற்றிய கையைத்தான் சந்தேகிக்க வேண்டும். பேருந்துப் பணிமனையில் இருபத்தாறு வருடம் ஸ்பானர் பிடித்தவள் சொல்கிறேன், இன்ஸ்பெக்டர் ஐயா.

நான் மாற்றிய பிளக்குகள் நான்கும் புதியவை, நல்லவை. மின்சாரத்தைப் பிரித்து அனுப்பும் டிஸ்ட்ரிபியூட்டர் மூடியிலிருந்து அவற்றுக்கு வரும் ஒயர்களில்தான் இரண்டை இடம் மாற்றி மாட்டினேன். அப்படி மாட்டினால் இன்ஜின் இருமும், ஆனால் ஓடாது. அடியோடு செத்த வண்டியை ஒருவன் கைவிட்டுவிடுவான். இருமுகிற வண்டியை விட மாட்டான்.

பக்கத்து வீட்டு விதோயேவுக்கு இதய நோய். விறகுகூடப் பிளக்கக் கூடாது என்று மருத்துவர் சொல்லியிருந்தது ஊருக்கே தெரியும். அந்த ஞாயிற்றுக்கிழமை நண்பகலில் கீழே நகரத்தில் அவருடைய பேரனுக்கு ஞானஸ்நானம். ஞாயிறன்று பேருந்து கிடையாது. எங்கள் ஊர் விசேஷ வழக்கப்படி சட்டையில் துளசிக்கொத்து செருகிக்கொண்டு, பழுதுக்கு விட்டிருந்த தன் வண்டியை எடுக்கக் காலையிலேயே என் கொட்டகைக்கு வந்துவிட்டார். மூன்று தடவை சாவியைத் திருப்பினேன். இருமியது.

"தள்ளித்தான் கிளப்பணும், அண்ணே. நான் தள்றேன், நீங்க ஸ்டியரிங்கைப் பிடிங்க" என்றேன்.

சரி என்று உட்கார மாட்டார் என்று தெரிந்துதான் சொன்னேன். எதிர்வீட்டு லெபோசாவா காப்பிக் கோப்பையோடு ஜன்னலில் இருந்தாள். பொம்பளை தள்ள ஆம்பளை உட்கார்ந்திருந்தான் என்ற கதை மதியத்துக்குள் மலை முழுக்கப் போய்விடும். எங்கள் ஊர் ஆம்பளை அதைவிடச் சாவதை லேசாக நினைப்பான்.

"நீ உள்ள ஏறு புள்ள" என்று கோட்டைக் கழற்றினார்.

முதல் தடவை கிணறு வரைக்கும் தள்ளினார். லெபோசாவா சும்மா இருக்கவில்லை. "என்ன விதோயே, குதிரைய வித்துட்டு உன்னையே பூட்டிக்கிட்டியா?" என்று கத்தினாள். இரண்டாவது தடவை அந்தக் கோபத்திலேயே தேவாலயச் சுவர் வரை போனார். கண்ணாடியில் அவர் முகத்தைப் பார்த்தேன், சாம்பல் நிறமாகியிருந்தது. எனக்கு மகிழ்ச்சியாக இருந்தது. மறைக்க என்ன இருக்கிறது.

ஏன் என்று கேட்டீர்கள். பத்தொன்பது வருடம் முன்பு, ஒரு நவம்பர் காலையில், என் தம்பி ராதிஷாவுக்குக் குடல்வால் வெடித்துவிட்டது. ஊரில் கார் வைத்திருந்தவர் விதோயே ஒருவர்தான். எல்லையிலிருந்த ஆறு பிளம் மரங்களுக்காக அப்போது எங்களுக்குள் வழக்கு நடந்துகொண்டிருந்தது. அவர் காலில் விழுந்தேன். கொட்டகைக்குள் போனவர் கொஞ்ச நேரம் கழித்து வந்து, "வண்டி கிளம்பல" என்றார். என்ன கோளாறு என்று சொல்லவில்லை; வழக்கு வன்மம் என்றுதான் நினைத்தேன். டிராக்டர் பெட்டியில் ஏற்றிப் போனோம். பாலத்துக்கு முன்பே என் தம்பி போய்விட்டான். அதே வண்டியைத்தான் இப்போது என்னிடம் பழுது பார்க்கக் கொண்டுவந்தார்.

மூன்றாவது தடவை தள்ளும்போது விதோயே விழுந்தார். நான் அவரிடம் போகாமல் முதலில் பானெட்டைத் திறந்தேன் என்று லெபோசாவா சொன்னது உண்மைதான். ஒயர்களைச் சரியாக மாட்டினேன், முதல் திருப்பிலேயே கிளம்பியது. அவரை ஏற்றிக்கொண்டு மருத்துவமனைக்கு நான்தான் ஓட்டினேன். பாலத்தருகே மூச்சு நின்றுவிட்டது. ஒயரை முன்பே சரிசெய்துவிட்டதால்தான் வண்டியில் எந்தக் குறையும் உங்களுக்குக் கிடைக்கவில்லை. நான் அரைகுறையாக வேலை செய்கிறவள் இல்லை.

ஒன்றை விட்டுவிட்டேன். இரண்டாவது தடவைக்குப் பிறகு அவர் பம்பரில் உட்கார்ந்து மூச்சு வாங்கினார். நான் கேட்கவே இல்லை, அவராகச் சொன்னார்: "ராதிஷாவுக்கு முடியாமப் போன அன்னைக்கும் இப்படித்தான் இருமுச்சு. டிஸ்ட்ரிபியூட்டர் மூடியில விரிசல். பனி உள்ள போயி வேர்த்துருச்சு. தொடச்சேன், திரும்ப வேர்த்துச்சு. வழக்கு நடந்த நேரம், நான் சொன்னா நம்பியிருப்பியா புள்ள? அப்புறம் தேவாலயத்து மெழுகுவர்த்தியை உருக்கி அடைச்சேன். மூடிய மாத்த மட்டும் மனசு வரல."

காலையில் ஒயரைக் கழற்றும்போது அந்த மெழுகைப் பார்த்திருந்தேன். கறுத்துப்போன பழைய மெழுகு. ஈரம் புகுந்து வண்டி நின்றுபோன ஒருவன்தான் அப்படி அடைப்பான். அவர் பொய் சொல்லவில்லை என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

அதற்குப் பிறகுதான், "இன்னும் ஒரே ஒரு தடவை அண்ணே, கிளம்பிடும்" என்றேன்.