பேக்லைட்டுக்கு என்ன அவசரம்

ராஸ் அல் கைமாவில், கேம்ப் வாசலில், டைல்ஸ் ஃபேக்டரி பஸ்ஸுக்கு வரிசையில் நின்றிருந்தேன். எனக்கு முன்னால் மெயின்டனன்ஸ் சட்டை போட்ட இருவர். ஒல்லியானவர் குதிக்காத குறை.

"அரை செகண்டுண்ணே! வெறும் அரை செகண்ட் காத்திருக்க வச்சேன், சூளை ரூம் ஸ்கிரீன் பொழைச்சிக்கிச்சு!"

"மூணு போர்டு மாத்தியும் எரிஞ்சுதே. அப்படி என்னடா பண்ணுன?" என்றார் மீசைக்காரர்.

"டைமர் வச்சேன். முதல்ல பவர் வரணும், அப்புறம் படம், கடைசியாத்தான் பின்னாடி இருக்கிற பேக்லைட் எரியணும். இதுல எல்லாம் ஒண்ணாப் பாய்ஞ்சிருக்கு. அதான் ஆன் பண்ணினதும் வெள்ளையாப் பளிச்சுனு அடிச்சிச்சு. போர்டும் புகைஞ்சிச்சு!"

"வாங்கும்போதே அப்படித்தானா?"

"இல்லண்ணே! எவனோ ஒரு சிவப்பு ஒயரை வச்சு, பேக்லைட்டை நேரா பவர்ல ஜாயிண்ட் அடிச்சிருக்கான்!"

மீசைக்காரர் பஸ் வருகிறதா என்று ரோட்டைப் பார்த்தார். வரவில்லை.

"ஸ்கிரீன் மெதுவா வருதுன்னு ஃபோர்மேன் ஜல்தி ஜல்தின்னு உயிரை எடுத்தான்டா" என்றார், குரலை இறக்கி.

ஒல்லியானவர் வாயைப் பிளந்தார். பிறகு வரிசையே திரும்பிப் பார்க்கும்படி சிரித்தார்.

"அண்ணே! திருஷ்டின்னு சொல்லி வாராவாரம் அது மேல எலுமிச்சம்பழம் வச்சது நீங்கதானே! அந்தக் கண்ணே உங்க கைதானா?"

பஸ் வந்துவிட்டது. மீசைக்காரர் படியில் கால் வைத்துவிட்டுத் திரும்பினார்.

"பழத்தை எடுத்துடாதடா. இப்பத்தான் ஓட ஆரம்பிச்சிருக்கு."